அசாயாஸின் 'சம்மர் ஹவர்ஸ்': குடும்பப் படமா, பழம்பொருள் பட்டியலா?

கேள்வி – ஒரு வாசகர், நவம்பர் 3, இரவு

ஒலிவியே அசாயாஸ் இயக்கி 2008-இல் வெளிவந்த 'சம்மர் ஹவர்ஸ்' படத்தை நேற்றுப் பார்த்து முடித்தேன். தாய் இறந்துபோகிறார், பிள்ளைகள் மூவரும் வீட்டையும் வீட்டிலிருந்த கலைப்பொருள்களையும் விற்கிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. சொத்துப் பிரிக்கும் வீட்டில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. நியூயார்க் திரைப்பட விமர்சகர்கள் வட்டம் 2009-இல் சிறந்த வெளிநாட்டுப் படம் என்று இதற்கு விருது வழங்கியிருக்கிறது. படம் முழுக்க மேசையைப் பற்றியும் ஜாடியைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். இதில் குடும்பக் கதை எங்கே இருக்கிறது என்று யாராவது விளக்க முடியுமா?

நவம்பர் 4, காலை

உங்களுக்கு வந்த சலிப்பில் பாதி எனக்கும் வந்தது. மறு பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். படம் ஓடுவது 103 நிமிடம். காட்சிகள் பெரும்பாலும் குறுகியவை. எரிக் கோத்தியேயின் கேமரா ஓரிடத்தில் நிற்பதே அரிது. பிள்ளைகளின் பின்னால் தோட்டத்தில் ஓடுகிறது, பெரியவர்களின் பின்னால் அறை அறையாக நடக்கிறது. ஆகவே மெதுவாக நகர்வது கேமரா அல்ல. ஒரு காட்சியில் எழும் வருத்தமோ மனத்தாங்கலோ முற்றுவதற்கு முன்பே திரை இருண்டு, அடுத்த காட்சி பல வாரங்கள் தள்ளித் தொடங்கிவிடுகிறது. நடந்தவற்றின் விளைவு நம் கண்ணில் படாமலே போவதால், எதுவும் நடக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உங்கள் சலிப்புக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இது இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவு. சில இடங்களில் பலித்திருக்கிறது, சில இடங்களில் பலிக்கவில்லை.

பலித்த இடம் முதல் அரை மணி நேரம். பாரிஸுக்கு வடக்கே வல்மோந்துவாவில் இருக்கும் பழைய வீட்டில் எலேன் அம்மையாரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். மூத்தவர் பிரெடெரிக் பாரிஸில் இருக்கும் பொருளாதார அறிஞர். அத்ரியென் நியூயார்க்கில் வடிவமைப்பாளர். இளையவர் ழெரெமி சீனாவில் ஒரு விளையாட்டுக் காலணி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். விருந்துக்கு நடுவே தாய் மூத்த மகனைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், தான் இறந்த பிறகு எந்தப் பொருளை என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கொரோவின் ஓவியங்கள், ரெதோனின் அலங்காரப் பலகைகள், மஜொரெலின் மேசை, ஹோஃப்மானின் அலமாரி. மகனோ காதில் வாங்க மறுக்கிறார். எல்லாம் இருக்கிறபடியே இருக்கும், நாங்கள் எதையும் விற்க மாட்டோம் என்கிறார். தாய் அவரைப் பார்க்கும் பார்வையை மறுபடி பாருங்கள். அந்த உறுதிமொழியை அவர் ஒரு கணம்கூட நம்பவில்லை. நம்பவில்லை என்று காட்டி மகனை வருத்தவும் அவருக்கு மனமில்லை. எலேனாக நடிக்கும் எடித் ஸ்கோப் அந்த இடத்தில் செய்திருப்பதுதான் குடும்பக் கதை. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் தர முடிந்த முதல் பதில் இது.

நவம்பர் 4, மாலை

பொருள்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற குறைக்கு ஒரு பின்னணி உண்டு. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் தன் இருபதாம் ஆண்டை ஒட்டி, அங்கே இருக்கும் கலைப்பொருள்களைத் தொட்டுக் குறும்படங்கள் எடுத்துத் தரும்படி சில இயக்குநர்களைக் கேட்டது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் அதற்காக யோசித்த கதைகளை இருவர் முழுநீளப் படங்களாக வளர்த்தெடுத்தார்கள்: தைவானின் ஹோ சியாவ்-சியென் ஒருவர், அசாயாஸ் மற்றவர். இரண்டிலும் ழூலியத் பினோஷ் நடித்திருக்கிறார். எனவே இந்தப் படத்தில் பொருள்கள் முன்னால் நிற்பது தற்செயல் அல்ல, அவற்றிலிருந்துதான் கதையே பிறந்தது. இதனால் குறை மறைந்துவிடுவதில்லை; எங்கிருந்து வந்தது என்பது மட்டும் விளங்குகிறது.

நவம்பர் 6

சண்டை ஏன் இல்லை என்பதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியேறியவள். வீடுகளுக்குச் சென்று வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வெகுகாலம் இருந்தேன். ஒரு முதியவர் இறந்தபின் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: படத்தில் வரும் அமைதி பொய்யில்லை.

பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளைச் சொத்திலிருந்து விலக்க முடியாது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெற்றவர் விரும்பியபடி கொடுக்க மீதியிருப்பது கால் பங்கு. அதைவிட முக்கியமானது உரிமையியல் சட்டத்தின் 815-ஆம் பிரிவு. கூட்டு உரிமையில் நீடிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அது சொல்கிறது. மூவரில் ஒருவர் தன் பங்கைப் பிரித்துக் கேட்டாலே போதும், மற்ற இருவரும் அவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் விற்றாக வேண்டும். படத்தில் ஒருவர் அல்ல, இருவர் விற்க விரும்புகிறார்கள். பிரெடெரிக் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் முடிவு மாறப்போவதில்லை என்பது அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கூடவே ஒரு கெடுவும் உண்டு. பிரான்சில் ஒருவர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் வாரிசுகள் சொத்து விவரத்தை அறிவித்து வரி கட்ட வேண்டும். இவ்வளவு விலையுயர்ந்த பொருள்கள் இருக்கும் வீட்டுக்கு வரும் வரியைச் சம்பளக்காரர்களால் கையிலிருந்து கட்ட முடியாது. அதனால்தான் பொருள்களையே அரசுக்குக் கொடுத்து வரியைத் தீர்க்கும் வழி படத்தில் பேசப்படுகிறது. 1968 டிசம்பர் 31 அன்று இயற்றப்பட்ட சட்டம் அந்த வழியைத் திறந்துவிட்டது. பிக்காசோவின் வாரிசுகள் அப்படிக் கொடுத்த படைப்புகளால்தான் 1985-இல் பாரிஸில் பிக்காசோ அருங்காட்சியகம் எழுந்தது. படத்தில் அதிகாரிகள் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதும், குழு கூடிப் பொருளை ஏற்பதா என்று விவாதிப்பதும் உங்களுக்கு வறட்டுக் காட்சிகளாகத் தெரிந்திருக்கலாம். இந்த ஊரில் துக்கம் அந்த வடிவத்தில்தான் வருகிறது. அழுது முடிப்பதற்குள் நொத்தேரின், அதாவது வாரிசுச் சொத்துக் காரியங்களைக் கவனிக்கும் சட்ட அலுவலரின், கடிதம் வந்துவிடும்.

எங்கள் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுக்கு நொத்தேர் என்ற சொல்லும் அந்தக் கடிதத்தின் கனமும் நன்றாகத் தெரியும்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். சட்டம் முடிவைத் தீர்மானித்துவிட்டது சரி. ஆனால் மனிதர்கள் தோற்பது உறுதி என்று தெரிந்தும் சண்டை போடுவார்கள். எட்டு வயதில் கிடைக்காத சைக்கிளை ஐம்பது வயதில் இழுத்துப் பேசுவார்கள். அசாயாஸின் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படிப் பழைய கணக்கு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நல்ல படிப்பும் நல்ல வருமானமும் அவர்களை நாகரிகமானவர்களாக ஆக்கியிருக்கலாம். ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை நான் நம்புவதற்கு அந்த நாகரிகத்தில் ஒரு கீறலாவது வேண்டியிருந்தது.

நவம்பர் 7

தாயின் இரகசியம் பாதியில் விடப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடப்படவில்லை. எலேன் தன் மாமாவான ஓவியர் பால் பெர்த்தியேயின் நினைவைக் காப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர்களுக்குள் இருந்தது வெறும் உறவுமுறை அல்ல என்பதை அத்ரியென் இயல்பாக எடுத்துக்கொள்கிறார். பிரெடெரிக்கோ அதைக் கேட்கவே விரும்பவில்லை. வீட்டை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று துடிக்கும் மகனுக்குத்தான் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விருப்பமில்லை. படத்திலேயே கூர்மையான இடம் இதுதான் என்பேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதால் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது.

(பெர்த்தியே கற்பனை ஓவியர். அருங்காட்சியகப் பட்டியலில் தேட வேண்டாம்.)

நவம்பர் 12

நேற்று ஓர்சேக்குப் போயிருந்தேன். நவம்பர் 11 விடுமுறை நாள், நல்ல கூட்டம். பழைய இரயில் நிலையக் கட்டடம் அது. 1986 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வருபவர்களில் பெரும்பாலோர் மேல்தளத்துக்கு, மோனேயும் ரெனுவாரும் இருக்கும் அறைகளுக்கு ஏறிவிடுகிறார்கள். ஆர்ட் நூவோ என்ற, செடிகொடிபோல வளையும் கலைப்பாணியில் செய்த மரச்சாமான்கள் இருக்கும் அறைகளில் நிம்மதியாக நிற்க முடிந்தது.

நான்சி நகரத்துப் பட்டறையில் லூயி மஜொரெல் செய்த மேசையைக் குனிந்து பார்த்தேன். மரத்தின் மேல் வெண்கலம் பூவாகப் பொருந்தியிருக்கிறது. மேசையின் கால் தரையிலிருந்து ஒரு தண்டுபோல எழுந்து, மேலே வளைந்து, எங்கே மரம் முடிந்து எங்கே உலோகம் தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாதபடி இணைகிறது. தோலை விரித்த மேற்பரப்பில் முழங்கையை ஊன்றி எழுதலாம் என்று தோன்றும். ஊன்ற முடியாது, தாண்டக் கூடாத எல்லை ஒன்று இருக்கிறது. நான் நின்றிருந்தபோது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. சிறுவன் ஒருவன் மேசையில் எத்தனை இழுப்பறை என்று எண்ணத் தொடங்கினான்; எண்ணி முடிப்பதற்குள் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

படத்தின் இறுதிப் பகுதியில் பிரெடெரிக்கும் அவர் மனைவியும் தங்கள் வீட்டு மேசையை இதே அருங்காட்சியகத்தில் பார்க்க வருகிறார்கள். சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் அதைக் கடந்து போகிறது. ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே நகர்கிறார். காகிதங்கள் சிதறிக் கிடந்த மேசை இப்போது துடைத்து வைத்த மேசை. முதல் முறை பார்த்தபோது இந்தக் காட்சி எனக்கு மிக நேரடியாகப்பட்டது. அருங்காட்சியகம் பொருளைக் கொல்கிறது என்று சொல்ல இவ்வளவு பாடா என்று நினைத்தேன். நேற்று அங்கே நின்றபோது வேறொரு காட்சியும் நினைவுக்கு வந்தது. தெகாவின் பிளாஸ்டர் சிற்பம் ஒன்றைப் பிள்ளைகள் சிறுவயதில் உடைத்துவிடுகிறார்கள். துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் பல்லாண்டுகள் அலமாரிக்குள் கிடக்கின்றன. அருங்காட்சியகத்தின் கைவினைஞர்கள்தான் அவற்றை எடுத்து, ஒட்டி, மறுபடி உருவம் கொடுக்கிறார்கள். வீட்டில் அன்பு இருந்தது, பராமரிப்பு இல்லை. அருங்காட்சியகத்தில் பராமரிப்பு இருக்கிறது, அங்கே ஜாடியில் யாரும் பூ வைக்கப்போவதில்லை. இரண்டில் எது மேல் என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அருங்காட்சியகமே தொடங்கி வைத்த ஒரு படம் இவ்வளவு நேர்மையாக இருப்பது பாராட்ட வேண்டிய விஷயம்.

நவம்பர் 12, இரவு

இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹோஃப்மானின் அலமாரியில் துடைப்பமும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடைந்திருந்தன என்பதில் பிள்ளைகளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பொருளின் விலை தெரியாமலே அதோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். விலை தெரிந்த நாளோடு அந்த வாழ்வும் முடிந்துபோகிறது.

நவம்பர் 15

'பொருள்களைப் பற்றி இவ்வளவு உருக வேண்டுமா, அவை பணக்காரர் வீட்டுப் பொருள்கள்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்தப் படத்தின் மீது எனக்கிருக்கும் பெரிய மனக்குறையும் இதன் பக்கத்தில்தான் இருக்கிறது.

நான் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டியின் வீட்டில் கொரோவும் இல்லை, மஜொரெலும் இல்லை. அவர் இறந்த பிறகு மகனும் மகளும் வந்து, வட்டமான வண்ண ஒட்டுத்தாள்களை வைத்து அடையாளம் இட்டார்கள். மஞ்சள் மகனுக்கு, நீலம் மகளுக்கு. ஒட்டுத்தாள் இல்லாதவை எல்லாம் பழைய பொருள்களை எடுத்துக்கொள்ளும் எம்மாயுஸ் தொண்டு நிறுவனத்தின் வண்டிக்கு. சமையலறையில் பால் காய்ச்சும் சிறிய பாத்திரம் ஒன்று இருந்தது. கைப்பிடியின் ஒரு பக்கம் கருகி, அதன் மேல் நூல் சுற்றியிருந்தார்கள். நாள்தோறும் மாலையில் அந்த மூதாட்டி அதில்தான் பால் காய்ச்சுவார். பொங்கும் தருணத்தைக் காதாலேயே அறிந்து அடுப்பை அணைப்பார், ஏனென்றால் கண் மங்கிவிட்டது. அதன் மேல் மஞ்சளும் விழவில்லை, நீலமும் விழவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாத்திரம் எந்தப் பட்டியலிலும் சேராது. பிரெஞ்சு வரிச் சட்டத்தில் வீட்டுச் சாமான்களைத் தனித்தனியே கணக்கெடுக்காவிட்டால் மொத்தச் சொத்தில் ஐந்து சதவீதம் என்று பொதுவாகப் போட்டுவிடும் வழக்கம் உண்டு. அந்த ஐந்து சதவீதத்துக்குள் ஒரு முழு வாழ்க்கையின் பாத்திரங்கள் அடங்கிவிடும்.

அசாயாஸின் படம் விலையுள்ள பொருள்களை மட்டுமே உற்றுப் பார்க்கிறது. விலையில்லாதவற்றின் இழப்பைக் காட்ட அதற்கு ஒரே ஓர் ஆள்தான் வாய்த்திருக்கிறார், வேலைக்கார அம்மா எலோயிஸ்.

நவம்பர் 18

படத்தை மறுபடி பார்த்தேன், இந்த முறை எலோயிஸை மட்டும் கவனித்து.

இஸபெல் சதோயான் நடித்திருக்கும் இந்தப் பாத்திரம் திரையில் இருப்பது கொஞ்ச நேரம். ஆனாலும் படத்தின் மிகச் சிறந்த இரண்டு காட்சிகள் இவருடையவை. விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன மாலையில், எலேன் இருட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். நினைவுகளும் இரகசியங்களும் தன்னோடு போய்விடும், இனி அவை யாருக்கும் தேவையில்லை, மிஞ்சப்போவது பொருள்கள்தான் என்று அவர் சொல்வதைக் கேட்பதற்கு அங்கே இருப்பது பெற்ற பிள்ளைகள் அல்ல, எலோயிஸ். அந்த இரண்டு கிழவிகளுக்கும் இடையே முதலாளி, வேலைக்காரி என்ற தூரமும் இருக்கிறது, அதைத் தாண்டிய நெருக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிரெடெரிக் சொல்லும்போது அவர் ஒரு ஜாடியைத் தேர்ந்தெடுப்பது. விலையுள்ளதை எடுத்தால் அந்தப் பெருந்தன்மையைத் தவறாகப் பயன்படுத்தியதாகிவிடும் என்று எண்ணி, சாதாரணமானது என்று தான் நம்பும் ஒன்றை எடுக்கிறார். அது ஃபெலிக்ஸ் பிராக்மோன் செய்த ஜாடி என்பது அவருக்குத் தெரியாது. அவர் அதில் பூ வைப்பார். அருங்காட்சியகத்துக்குப் போகாமல் தப்பித்த அந்தக் கலைப்பொருள், செய்தவன் எதற்காகச் செய்தானோ அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும்.

இவ்வளவு அழகாக யோசித்தவர்களிடம்தான் எனக்குக் கோபம். முதலாளி இறந்தால் வேலைக்காரரின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. நிலுவைச் சம்பளமும் முன்னறிவிப்புக் காலத்துக்கான பணமும் பணிமுடிவு இழப்பீடும் வாரிசுகள் கொடுக்க வேண்டியவை. அதே நொத்தேர் அலுவலகத்தில், அதே கோப்பில், ரெதோனின் பலகைகளுக்குப் பக்கத்தில் இதுவும் ஒரு வரியாக இருந்திருக்கும். படத்தில் அந்த வரி வரவே இல்லை. வரியைப் பற்றிப் பேசுகிறார்கள், மதிப்பீட்டாளரைப் பற்றிப் பேசுகிறார்கள், ஏலத்துக்கு நியூயார்க்கா பாரிஸா என்று பேசுகிறார்கள். எலோயிஸுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், இனி அவர் எப்படி வாழ்வார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு ஜாடியோடு அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. பார்வையாளர்களாகிய நாமும் கண்கலங்கி அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

இறந்தவர் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் அந்த நாளை ஜாடியை வைத்து நினைவுகூர மாட்டார்கள். அடுத்த மாத வாடகையை வைத்துத்தான் நினைவுகூருவார்கள்.

நவம்பர் 19

சில்வியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீடு கைமாறுவதற்கு முன் பிரெடெரிக்கின் மகள் தன் நண்பர்களை அழைத்து அங்கே கொண்டாடும் இறுதிக் காட்சி பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்தது, ஒரு நிபந்தனையோடு. அந்தப் பெண் கடையில் திருடி மாட்டிக்கொண்டு தந்தை அழைத்துவரும் காட்சியோடு நடுவில் காணாமல் போனவள். கடைசியில் திடீரென்று வீட்டுக்காக வருந்தும் உரிமையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பாட்டியோடு அவளுக்கு இருந்த பிணைப்பை முன்பே இன்னும் ஓரிரண்டு காட்சிகளில் காட்டியிருந்தால், வீடு விற்கப்பட்டுவிட்டது என்று தன் நண்பனிடம் அவள் சொல்லும் இடம் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். இருந்தாலும், வீட்டைக் காக்க வேண்டும் என்று பேசிக்கொண்டேயிருந்த தந்தையைவிட, பேசாமலிருந்த இவளுக்குத்தான் அந்தத் தோட்டத்தின் எந்த மூலையில் எந்தச் செடி இருக்கிறது என்று தெரியும் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

நவம்பர் 19, சற்றுப் பின்னர்

மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற கேள்விக்கு: பரிந்துரைப்பேன், ஆனால் நள்ளிரவில் படுக்கையில் சாய்ந்தபடி பார்க்க வேண்டாம். பகலில், உடன்பிறந்தவர் ஒருவரோடு பாருங்கள். முதல் அரை மணி நேரத்தில் தாய் மகனிடம் பொருள்களைக் காட்டும் இடத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பங்கு பிரிக்கும் பேச்சு வரும் காட்சியில் பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தைக் கவனியுங்கள். அத்ரியெனாக வரும் பினோஷும் இளையவராக வரும் ழெரெமி ரெனியேயும் தங்கள் வேலையை அங்கேதான் செய்திருக்கிறார்கள். பிரெடெரிக்காக நடிக்கும் ஷார்ல் பெர்லிங், முடிவு தனக்கு எதிராகப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் எல்லோருக்கும் நல்லவராக நடந்துகொள்வதையும் பாருங்கள். பிறகு எலோயிஸுக்குச் சேர வேண்டிய தொகை என்ன என்று, கூட உட்கார்ந்திருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ கேளுங்கள். படம் பேசாமல் விட்ட அந்தப் பேச்சை நீங்கள் பேசலாம்.